ரெட்டைப் பின்னலும் என் வலது தோளும்

பொங்கல் வந்தால் நமக்கெல்லாம் ஒரு வெறி வந்துவிடும் இல்லையா? பரணைக் காலி செய்து, ஒட்டடை அடித்து, வெண்கலப் பானையை இறக்கித் தேய்த்து... போன தை மாதம் நானும் நாலு நாள் கையைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். ஒரு வாரம் கழித்து, ஏழு வயது மகளுக்கு ரெட்டைப் பின்னல் போடும்போது வலது தோளில் சுருக்கென்றது. சீப்பு கீழே விழுந்துவிட்டது.

தைலம் தடவினேன். மாமியார் நொச்சி ஒத்தடம் கொடுத்தார். ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, ஜாக்கெட் போடுவதற்குள் கண்ணில் தண்ணீர். எதிர்வீட்டு மாமி, "இது தோள் இறுகிப் போற வியாதிடி, சர்க்கரை இருந்தா வரும்" என்று பயமுறுத்தினார். ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ என்று நான் வாயே திறக்கவில்லை.

ஒரு நாள் காலை என் பெண் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். "அம்மா, எனக்கு பாப் வெட்டி விட்டுடு. உனக்குக் கை வலிக்காது இல்ல?" அன்றைக்குத்தான் இவரிடம் சொன்னேன்.

டாக்டர் பார்த்துவிட்டு பிஸியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இருந்தது ஒரு சின்னப் பெண். எடுத்ததும் தோளைத் தொடவில்லை. என்ன வேலை செய்தேன், துணிக்கொடி எவ்வளவு உயரம், விரல் மரத்துப் போகிறதா என்றெல்லாம் கேட்டாள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், வலி அங்கிருந்து இறங்குகிறதோ என்று. பிறகு கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னாள். முதலில் ஒன்றுமில்லை. 60 டிகிரி வந்ததும் 'ஐயோ!' 120-ஐத் தாண்டியதும் வலி குறைந்துவிட்டது! முழங்கையை இடுப்போடு ஒட்டவைத்து, முன்கையை அவளே வெளிப்பக்கம் திருப்பினாள். தாராளமாகப் போனது. "இறுகின தோள்னா இப்படித் திரும்பாதுக்கா" என்றாள். அப்பாடா!

தோள் எலும்பின் கூரைக்குக் கீழே தசைநார்கள் ஓடுகின்றன, நடுவில் மெத்தை போல ஒரு சின்னத் திரவப்பை. அவை அங்கே உரசி நசுங்குவதை 1972-ல் சார்லஸ் நீர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் விளக்கி எழுதினாராம். உரசல் மட்டுமே காரணமில்லை, பழக்கமில்லாத பளுவைத் தசைநார் தாங்காததும்தான் என்கிறார்கள் இப்போது. எலும்பைச் சீவும் ஆபரேஷனையும், உள்ளே கருவியை விட்டுப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டதையும் இங்கிலாந்தில் ஒப்பிட்டார்கள். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று 2018-ல் லான்செட் பத்திரிகையில் வந்தது. என் பயம் பாதி அங்கேயே போயிற்று.

கையைத் தூளி கட்டித் தொங்கவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். கொடியைக் கீழே இறக்கினோம். படுக்கும்போது கைக்கு அடியில் ஒரு தலையணை. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டை இடுக்கிக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். பத்துப் பத்தாக மூன்று தடவை. தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது, சுவரில் கையை மெல்ல மேலே நகர்த்துவது. லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாளும் நீடித்தால் பட்டையைத் தளர்த்த வேண்டும். இரண்டாவது வாரம் ஒன்றும் தெரியாமல் எரிச்சலில் பட்டையைத் தூக்கி எறிந்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

(விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியாவிட்டாலோ, தோள் வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை வந்தாலோ தைலத்தைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி!)

அதுவரை பின்னல் போட்டது இவர். தேங்காய்நார்க் கயிறு திரித்த மாதிரி இருக்கும். ஆறு வாரத்தில் ராத்திரி தூக்கம் வந்தது. மூன்றாவது மாதம் சீப்பை நானே வாங்கிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இடது பக்கம் மேலே இருக்கும்மா" என்று சிணுங்கினாள். அவிழ்த்து மறுபடி போட்டேன்.