உம்மா சொன்னதற்குச் சான்று

முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்காசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மறுநாள், "இனிப் பொழுதை எப்படிக் கழிக்கப் போகிறீர்கள்?" என்று என் துணைவியார் கேட்டார். அதற்கு விடை தந்தவன் என் தங்கை மகன். "தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுங்கள் மாமா" என்று கூறி, கணினியில் தமிழ்த் தட்டச்சும் கற்றுக் கொடுத்தான்.

விக்கிப்பீடியா என்பது தன்னார்வலர்கள் ஊதியமின்றி எழுதிவரும் இணையக் கலைக்களஞ்சியம். ஆங்கிலத்தில் 2001-இலும், தமிழில் 2003-இலும் தொடங்கப்பெற்றது. பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மையாசிரியராகக் கொண்டு 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியத் தொகுதிகளைப் பள்ளி நூலகத்தில் ஏக்கத்தோடு புரட்டியவன் நான். அத்தகையதொரு நூலில் நானும் ஒரு வரி எழுதலாம் என்றபோது உள்ளம் துள்ளியது.

எழுத அமர்ந்த பின்னர்தான் எனக்கு இத்தனை ஆசைகள் உண்டென்பதே தெரிந்தது. இமயத்தைக் கடந்து கூந்தன்குளத்திற்கு வரும் வரித்தலை வாத்தைப் பற்றி எழுதினேன். கண்ணிலிருந்து ஒளி புறப்படுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்ற பழங்கொள்கையை மறுத்த பஸராவின் அறிஞர் இப்னுல் ஹைதம் பற்றி எழுதினேன். உமறுப் புலவரின் சீறாப்புராணம், தமிழ் எண்கள், வால்நட்சத்திரங்கள் எனப் பட்டியல் நீண்டது. "காலையில் கொக்கு, மதியம் கோள், இரவில் புலவரா?" என்று துணைவியார் நகைப்பார்கள்.

தவறுகளும் செய்தேன். நத்தைகுத்தி நாரையின் படத்திற்கு மஞ்சள் மூக்கு நாரை என்று பெயரிட்டுவிட்டேன். ஒரே நாளில், முகமறியாத இலங்கை மாணவர் ஒருவர் அதனைத் திருத்தியிருந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர் விடைத்தாள்களைத் திருத்திய எனக்கு அது நல்ல பாடமாயிற்று.

ஆனால், உள்ளத்தைத் தைத்த பாடம் வேறு. எங்கள் ஊர் பத்தமடை. தாமிரபரணிக் கரைக் கோரையால் நெய்யப்படும் பாய்க்குப் பெயர் பெற்ற ஊர். லெப்பைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் பாய் அது. கோரையைக் காயவைத்து, ஓடும் நீரில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, மெல்லிய இழைகளாகக் கிழித்துச் சாயமேற்றித் தரைத்தறியில் நெய்வார்கள். என் உம்மா அப்படி நெய்துதான் எங்களை வளர்த்தார்கள்.

ஒருநாள் அந்தப் பாயைப் பற்றி எழுத அமர்ந்தேன். ஆற்றின் ஓட்டத்தைப் பார்த்தே கோரை எத்தனை நாள் ஊறவேண்டும் என்று உம்மா சொல்வார்கள்; விரலால் தடவியே முற்றிய கோரையைப் பிரித்து வைப்பார்கள். அதை எழுதத் தொடங்கியதும் கை நின்றது. விக்கிப்பீடியாவில் ஒரு செய்தியை எழுதினால், அது ஏற்கெனவே வெளியான இடத்தைச் சான்றாகக் காட்டவேண்டும். நேரில் அறிந்தேன் என்பது அங்கே செல்லாது. அந்த விதி நியாயமானதே. விதியில்லையேல் யாரும் எதையும் எழுதிவிடலாம் அல்லவா?

பஸராவின் அறிஞருக்குச் சான்று கிடைத்தது, வாத்துக்கும் கிடைத்தது. என்னை வளர்த்த கைகளுக்குச் சான்று இல்லை. உம்மா மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர்களுடைய படம் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் உள்ளது. அதில் தறி இல்லை. உம்மா உயிரோடிருந்தபோது உலகத்து நூல்களையெல்லாம் தேடிப் படித்த நான், தறியருகே ஒருமுறைகூடக் குறிப்பேட்டோடு அமரவில்லை.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. பொழுது விடிந்ததும் என் ராத்தாவின் இல்லத்திற்குச் சென்றேன். எழுபத்தைந்து வயதிலும் அவர்கள் நெய்கிறார்கள். நாமே எடுத்த படத்திற்கு அச்சுச் சான்று வேண்டியதில்லை, விக்கிப்பீடியா ஏற்றுக்கொள்ளும். அவர்களுடைய இசைவோடு கைகளை மட்டும் படமெடுத்துச் சேர்த்தேன். இப்போது வாரந்தோறும் ஊர் மூதாட்டிகள் சொல்வதைக் குறிப்பேட்டில் பதிந்து வருகிறேன். அதனைச் சிறு நூலாக அச்சிட எண்ணம். நாளை யாரேனும் அதைச் சான்றாகக் காட்டி எழுதுவார்கள் அல்லவா?

வாசகர்களே! உங்கள் இல்லத்திலும் ஓர் உம்மா இருப்பார்கள். அவர்கள் கைப்பக்குவத்தில் ஒரு கலை இருக்கும். இன்றே அருகில் அமர்ந்து கேளுங்கள். தேதியிட்டு எழுதி வையுங்கள். எனக்கு வாய்க்காத அந்தப் பொழுது உங்களுக்கு இன்னும் இருக்கிறது.