குளிரில் குழறும் பேச்சு

யந்திரங்களுக்கு வெயில்தான் சத்துரு, குளிர் சிநேகிதன் என்று ஓர் அபிப்பிராயம் நம் ஊரில் ஊறிக் கிடக்கிறது. ஊர் அப்படி. சித்திரை மாதத்தில் சூடேறி மூச்சுவிட்ட ரேடியோவுக்கு விசிறி வைத்து உபசாரம் செய்தவர்கள் நாம். மனிதர்கள் வேர்த்துக் கொட்டிய ஆபீஸில் கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு மட்டும் ஏ.ஸி. போட்ட காலமும் உண்டு. ஆகையால், குளிர் பட்டதும் பேச்சுக் குழறிப்போன ஒரு சர்க்யூட் போர்டைப் பற்றி என் தங்கை மகன் சொல்லத் தொடங்கியபோது, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

"இரண்டு போர்டு மாமா. ஒன்று அளக்கும், மற்றது அதைக் கேட்டு வாங்கி வெளியே அனுப்பும். மேஜைமேல் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி பேசிக்கொள்கின்றன. குளிர்ப் பெட்டிக்குள் வைத்துப் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக்கு இறக்கினால், ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியவில்லை."

பனிமலை ஒன்றில் ஆள் துணையின்றி நிற்கப் போகிற வானிலைக் கருவி அது. அங்கே போன பிறகு வாய் அடைத்துப்போனால், பனி உருகிப் பாதை திறக்கும் வரையில் யாரும் ஏறிப் போய்ப் பார்க்க முடியாது. ஒரு குளிர்காலத்துக் கணக்கு முழுவதும் போனது போனதுதான்.

யந்திரம் எப்படிப் பேசுகிறது என்பதை அவன் எனக்குப் புரியும்படி சொன்னான். ஓர் எழுத்துக்குப் பத்துத் துடிப்பு. சொல்லுகிறவனும் கேட்கிறவனும் தனித்தனியே கடிகாரம் வைத்துக்கொண்டு, முதல் துடிப்பில் மட்டும் ஒன்றுசேர்ந்து, பிறகு அவரவர் தாளத்தில் எண்ணிக்கொண்டு போகிறார்கள். பத்தாவது துடிப்புக்குள் அரைத் துடிப்பு பிசகினால் எழுத்து மாறிவிடும். அதாவது நூற்றுக்கு ஐந்து வித்தியாசம் போதும். சில்லுக்குள்ளேயே இருக்கும் மலிவான கடிகாரம் குளிரில் தாளம் மாறுகிறது. மிருதங்கக்காரரும் பாடகரும் ஆளுக்கொரு காலப்பிரமாணத்தில் போகிற கச்சேரியைக் கேட்டவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

குற்றவாளியைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. போர்டு முழுவதையும் குளிர வைத்தால் எல்லோரும் சந்தேகத்துக்கு உரியவர்களே. அதனால் போர்டை வெளியே மேஜைமேல் ஓட விட்டு, கொசு மருந்து அடிப்பது போன்ற ஒரு குப்பியிலிருந்து குளிர்ந்த வாயுவை ஒவ்வொரு உறுப்பின்மீதும் தனித்தனியே பீய்ச்சுகிறார்கள். இதன்மேல் அடி: பேச்சு சரியாக இருக்கிறது. அதன்மேல் அடி: சரியாக இருக்கிறது. இன்னொன்றின்மேல் அடித்ததும் திரையில் கன்னாபின்னா என்று எழுத்துகள். விரலை வைத்துச் சற்றே சூடேற்றினால் மறுபடி நல்ல பேச்சு. போலீஸ்காரர்கள் வரிசையாக நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்வதை விட இது நியாயமான முறை என்றே சொல்வேன். உள் கடிகாரத்தை விட்டுவிட்டு ஸ்படிகக் கடிகாரம் ஒன்றை வைத்ததும் குழறல் நின்றது.

ஆனால் வேறொன்று முளைத்தது. ஓடிக்கொண்டே குளிர்ந்த போர்டு பேசியது. இரவெல்லாம் அணைத்துக் குளிர வைத்துக் காலையில் முடுக்கினால் எழுந்திருக்கவே இல்லை. ஓடும்போது தன் சூட்டிலேயே அது தப்பித்திருக்கிறது! மார்கழி விடியலில் முதல் அடி எடுத்து வைக்கத் திணறி, நாலு வீடு தாண்டியதும் விறுவிறுவென்று நடக்கிற கிழவர்கள் என் தெருவில் இருக்கிறார்கள். இங்கே காரணம் ஒரு மின்தேக்கி. அதன் வயிற்றில் இருப்பது திரவம். குளிரில் அது கெட்டிப்பட்டுக் கொள்ளளவு சுருங்குகிறது, உள்தடை பல மடங்கு ஏறுகிறது. பேச வாயெடுக்கும் கணத்தில் வேண்டிய மின்சாரத்தைக் கொடுக்க அதனால் ஆகவில்லை. திரவம் இல்லாத வேறு வகை ஒன்றைப் பொருத்தினார்கள்.

போர்டைப் பெட்டியிலிருந்து அவசரப்பட்டு வெளியே எடுக்கக் கூடாதாம். நம் கடலோரக் காற்றில் அதன்மேல் உடனே முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். பழைய குற்றத்தின் தடயம் போய்ப் புதுக் குற்றம் சேரும்.

சரி, கையால் தொட முடிகிற போர்டுக்கு இவ்வளவு. தொட முடியாததற்கு?

வாயேஜர் 2 விண்கலம் 1977 ஆகஸ்டில் கிளம்பியது. 1978 ஏப்ரலில், ஒரு வாரமாகப் பூமியிலிருந்து கட்டளை ஏதும் வராததால், தன் செவியில்தான் கோளாறு என்று எண்ணி, அது மாற்று ஏற்பிக்குத் தாவியது. அந்த மாற்று ஏற்பியிலோ ஒரு மின்தேக்கி கெட்டிருந்தது. வருகிற அலைவரிசையைத் துரத்திப் பிடிக்கும் சக்தி அதற்கு இல்லை. சில மணி நேரம் கழித்துப் பழைய ஏற்பிக்குத் திரும்பியது. அதுவும் அரை மணியில் அடியோடு செத்தது. பாஸடீனாவில் இருந்தவர்கள் ஒரு வாரம் பேச வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கலம் மீண்டும் அந்த அரைச் செவிட்டுக் காதுக்கு மாறும் வரையில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

மாறிற்று. அதன் கேட்கும் அகலம் முன்பிருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுமார் நூறு ஹெர்ட்ஸ். ஏற்பியின் சூடு கால் டிகிரி மாறினால் அந்தச் சின்னச் சாளரமே நகர்ந்துவிடும். இங்கே கடுங்குளிர் வேண்டியதில்லை. ஒரு கருவியை முடுக்கினால் பக்கத்தில் எழும் வெதுவெதுப்பே போதும். ஆகவே பூமியின் சுழற்சியால் அலைவரிசை எவ்வளவு மாறும், ஏற்பி இப்போது என்ன சூட்டில் இருக்கும் என்றெல்லாம் கணக்கிட்டு, அனுப்பும் ஸ்தாயியை இடைவிடாமல் மாற்றிக்கொண்டே பேசினார்கள். கலத்துக்குள் சூடு மாறும்படி ஏதாவது செய்தால், அது அடங்கும்வரை கட்டளை அனுப்பாமல் காத்திருந்தார்கள். கோபக்கார மாமனாரிடம் வேளை பார்த்துப் பேசுகிற மருமகனுக்குக்கூட இவ்வளவு பொறுமை இருந்திராது. 1979இல் வியாழன், 1981இல் சனி, 1986இல் யுரேனஸ், 1989இல் நெப்டியூன். எல்லாவற்றையும் அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் அது பார்த்துவிட்டு வந்தது.

2019இல் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக, காஸ்மிக் கதிர்களை அளக்கும் கருவியின் கணப்பை அணைத்தார்கள். புறப்படுமுன் அதைப் பூஜ்யத்துக்குக் கீழே 45 டிகிரிவரைதான் சோதித்திருந்தார்கள். அது 59க்கு இறங்கியது. அளவுகள் வந்துகொண்டிருந்தன.