இரவல் எண்

ஒரு வீட்டின் வாயிலில் நின்று குரல் கொடுப்பவர் தாம் இன்னார் என்று முதலில் சொல்ல வேண்டும். இது நம் மக்களிடம் நெடுங்காலம் நிலவி வந்த எழுதாச் சட்டம். ஜாபிர் (ரலி) அவர்கள் தம் தந்தையார் விட்டுச் சென்ற கடன் தொடர்பாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் காணச் சென்று கதவைத் தட்டினார்கள். "யார்?" என்ற வினாவுக்கு "நான்" என்று மட்டும் விடை வந்தது. அவ்விடையைப் பெருமானார் விரும்பவில்லை என்பது ஹதீஸ் பயின்றோர் அறிந்த செய்தி. "நான்" என்பது உலகத்தார் அனைவர்க்கும் பொதுவான பெயர். அது யாரையும் சுட்டிக் காட்டாது.

தொலைபேசியும் ஒரு வாயில்தான். என் இளமைக் காலத்தில் தாம்பரத்தில் தெருவுக்கு ஒரு வீட்டில் தொலைபேசி இருந்தால் அதுவே பெரிது. மணி ஒலித்து எடுத்தவர் கேட்கும் முதல் வினா "யார் பேசுவது?" என்பதாகவே இருக்கும். அழைத்தவர் தம் பெயர், ஊர், உறவு மூன்றையும் சொன்ன பிறகே பேச்சு தொடங்கும். பின்னர் கைப்பேசி வந்தது. அழைப்பவரின் எண் திரையில் தோன்றலாயிற்று. எண்ணைக் கண்டவுடன் ஆளைக் கண்டதாகவே நாம் கொண்டோம். "யார்?" என்ற வினா மெல்ல மறைந்தது. வினா மறைந்த அந்த இடத்தில்தான் வஞ்சகர் வந்து புகுந்தனர்.

திரையில் தோன்றும் எண் எங்கிருந்து வருகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அஞ்சல் உறையின்மேல் "அனுப்புநர்" என்று ஒரு முகவரி எழுதுகிறோம். அந்த முகவரி மெய்யா பொய்யா என்று அஞ்சல் துறை ஆராய்வதில்லை. பெறுநர் முகவரியை மட்டும் பார்த்து உறையைக் கொண்டு சேர்க்கிறது. தொலைபேசி அழைப்பும் ஏறத்தாழ அத்தகையதே. அழைப்பு புறப்படும் இடத்திலுள்ள நிறுவனம் "இது இன்ன எண்ணிலிருந்து வருகிறது" என்று ஒரு குறிப்பை உடன் அனுப்புகிறது. இடையிலுள்ள நிறுவனங்கள் அதை அப்படியே கைமாற்றுகின்றன. கடைசியில் நம் கைப்பேசி அதைக் காட்டுகிறது. ஒரே அரசுத் துறை கம்பியையும் இணைப்பகத்தையும் தன் கையில் வைத்திருந்த காலத்தில் அக்குறிப்பை நம்புவதில் பெரும் இடர் இல்லை. இணையத்தின் வழியே கணினியிலிருந்து அழைக்கும் முறை பரவியபின், கடல் கடந்த ஊரில் அமர்ந்திருக்கும் ஒருவன் அக்குறிப்பில் தான் விரும்பிய எண்ணை இட்டு அனுப்ப வழி பிறந்தது. குரோம்பேட்டையில் ஒரு வீட்டில் மணி ஒலிக்கும். திரையில் பல்லாவரத்தவர் ஒருவரின் எண் தெரியும். பேசுபவனோ இவ்விரண்டு ஊர்களையும் கண்ணால் கண்டிராதவன்.

இவ்வாறு இரவல் வாங்கப்பட்ட எண்களில் என்னுடையதும் ஒன்று. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒருநாள் காலைமுதல் முன்பின் அறியாதவர்கள் என்னை அழைக்கத் தொடங்கினர். "எதற்கு அழைத்தீர்கள்?" என்று சிலர் அமைதியாகக் கேட்டனர். "மறுபடியும் பேசினால் போலீசில் சொல்வேன்" என்று சிலர் சீறினர். நான் யாரையும் அழைக்கவில்லை என்று சொன்னேன், கேட்போர் இல்லை. என் கைப்பேசியின் பதிவேட்டில் அவர்களுக்குச் சென்ற அழைப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் அவர்கள் திரையில் என் எண் இருந்தது. அவர்களுக்கு அதுவே சாட்சி, அதுவே தீர்ப்பும்.

அன்று மாலை ஓர் அம்மையார் அழைத்தார். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்த முப்பத்தெட்டாயிரம் ரூபாய் போய்விட்டது என்று அழுதார். வங்கி மேலாளர் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பேசி, கணக்கு முடங்கிவிடும் என்று அச்சுறுத்தி, ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறான். அவன் பேசிய எண் என்னுடையது. எண்ணைப் போலியாகக் காட்டும் சூழ்ச்சி ஒன்று உண்டென்று எனக்குத் தெரிந்தவரையில் விளக்கினேன். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்து முறையிடும்படி சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு அவர் கேட்டார்: "நம்பர் உங்களுதுதானே ஐயா? நம்பரே பொய் சொல்லும்னா, நீங்க சொல்றதை மட்டும் நான் எப்படி நம்புறது?"

நாற்பதாண்டுகள் கிதாபுகளோடு பழகிய எனக்கு அக்கேள்விக்குத் தொலைபேசியில் விடை சொல்ல இயலவில்லை. நான் நானே என்பதற்கு என்னிடம் இருந்த சான்று என் குரல் ஒன்றுதான். அதை அவர் இதற்குமுன் கேட்டதில்லை. "கிழக்குத் தாம்பரத்தில் மாலைதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறேன். நேரில் வந்து பாருங்கள்" என்றேன். மறுநாள் தம் மருமகனோடு வந்தார். பாய்களையும் பலகையையும் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகளையும் நெடுநேரம் பார்த்தார். என் கைப்பேசியை அவர் மருமகன் கையிலேயே கொடுத்தேன். அவர் பதிவேட்டை முழுவதும் பார்த்தார். இருவரும் நம்பினர். பணம் திரும்பவில்லை, முறையீடு சென்று சேர்வதற்குள் அது பல கணக்குகளைக் கடந்துவிட்டது.

அந்த அம்மையாரின் வினா என்னை நான் பயின்ற ஹதீஸ் கலைக்கே இட்டுச் சென்றது. ஒரு செய்தி வந்தால் அதன் அறிவிப்பாளர் தொடரை ஆராய்வது அக்கலையின் உயிர். இவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா என்றெல்லாம் கண்ணி கண்ணியாக வினவுவர். இடையில் தமக்குச் செய்தி சொன்னவரை மறைத்துவிட்டு, மேலுள்ள பெரியவரிடமே கேட்டதுபோல் தோன்றும்படி சொல்வதற்குத் "தத்லீஸ்" என்று பெயர். வணிகத்தில் சரக்கின் குறையை மறைத்து விற்பதற்கும் அதே சொல் வழங்கும். அத்தகைய மறைப்பைச் செய்தவர் என அறியப்பட்டவர் "இன்னாரிடமிருந்து" என்று பொதுப்படச் சொன்னால் போதாது. "இன்னாரிடம் நானே கேட்டேன்" என்று திட்டமாகச் சொன்னாலன்றி ஏற்பதில்லை என்பது இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் நிலை. 1449இல் மறைந்த இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் இத்தகையோரை ஐந்து படித்தரங்களாகப் பிரித்துத் தனி நூலே எழுதினார்கள்.

தொலைபேசி அழைப்பும் ஒரு தொடரே. திரையில் தெரியும் எண் அத்தொடரின் தலைக் கண்ணி. நிறுவனங்கள் "இன்னாரிடமிருந்து" என்று பொதுப்படவே கைமாற்றி வந்தன. அமெரிக்க நாட்டில் 2021ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் பெரிய நிறுவனங்கள், அழைப்பு புறப்படும் இடத்திலேயே "இந்த எண்ணை நான் அறிவேன்" என்று மின்னணு முத்திரை இட வேண்டும் எனச் செய்தனர். இணையவழி வரும் அழைப்பில் அம்முத்திரையைச் சேருமிடத்திலுள்ள நிறுவனம் சரிபார்க்கிறது. "நானே கேட்டேன்" என்ற அறிவிப்பாளரின் உறுதிமொழிக்கு இது நெருங்கிய உறவு.

நம் நாட்டில் வேறொரு வழி கண்டனர். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு இந்திய எண்ணைச் சூடி வருமானால் அதை நுழைவாயிலிலேயே தடுக்கும் ஏற்பாடு 2024ஆம் ஆண்டு அக்டோபர் 22 அன்று தொடங்கப்பட்டது. முதல் 24 மணி நேரத்தில் தடுக்கப்பட்ட போலி அழைப்புகள் ஏறத்தாழ 1.35 கோடி. இந்திய எண்ணைக் காட்டிக்கொண்டு அயலிலிருந்து வந்தவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறு போலி என்று அரசு அறிவித்தது. எண்ணையும் அதுபோன்ற அடையாளங்களையும் திரிப்போர்க்கு மூன்றாண்டு வரை சிறையோ, ரூ.50 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் ஒரு வழி அடைபட்டால் மறுவழி தேடுவது வஞ்சகர் இயல்பு. பல சிம் அட்டைகளை ஒரே கருவியில் பொருத்தி, அயல்நாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக உருமாற்றும் "சிம் பாக்ஸ்" என்னும் பெட்டிகள் நம் நாட்டிலேயே பிடிபட்டுள்ளன.

வஞ்சகர் எல்லாரும் அயலார் என்று ஆறுதல் கொள்ளவும் நமக்கு வழியில்லை. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் மும்பையை அடுத்த மீரா ரோட்டில் போலி அழைப்பு மையங்களைக் காவல் துறை சோதனையிட்டு, எழுபது பேர் அளவில் கைது செய்தது. அங்கிருந்தோர் அமெரிக்க வருமான வரித் துறையினர் போல் பேசி அந்நாட்டு மக்களைப் பறித்து வந்தனர். அதே மாதம் 27 அன்று இத்தகைய மோசடிக்காக அமெரிக்க அரசு 56 பேர் மீதும் 5 அழைப்பு மையங்கள் மீதும் குற்றம் சாட்டியது. வரித்துறையின் எண்ணே திரையில் தெரியும்படி செய்வது அவர்கள் கையாண்ட உத்திகளுள் ஒன்று. அங்கே அழுத முதியவர்க்கும் இங்கே என்னிடம் அழுத அம்மையார்க்கும் கண்ணீரில் வேறுபாடு இல்லை.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? "தெரிந்து தெளிதல்" என்று வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே பெயரிட்டார். தெரிவதற்கு முன் தெளிந்துவிடுவதே இங்கே எல்லாத் துன்பங்களுக்கும் வேர். வங்கி என்றோ காவல் நிலையம் என்றோ எவர் பேசினாலும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். அவர் தந்த எண்ணை நம்பாமல், வங்கி அட்டையின் பின்புறமோ கணக்குப் புத்தகத்திலோ அச்சிட்டுள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். வருகின்ற அழைப்பில் எவரும் எந்த எண்ணையும் சூடிக்கொள்ளலாம். நீங்கள் எண்ணை அழுத்தி அழைத்தாலோ, அது அந்த எண்ணின் உரிமையாளரிடமே போய்ச் சேரும். வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கென்று 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டிருப்பதையும் நினைவில் வையுங்கள். தொலைபேசியிலோ காணொளியிலோ ஒருவரைக் கைது செய்ய நம் நாட்டுச் சட்டத்தில் இடமே இல்லை என்பதை வீட்டு முதியோரிடம் பலமுறை சொல்லுங்கள். பணம் போய்விட்டால் நாணிக்கொண்டு இருந்துவிடாமல் அந்த நிமிடமே 1930ஐ அழையுங்கள். தாமதிக்குந்தோறும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

இன்னொன்று உண்டு, அது பலரும் பேசாதது. ஏமாற்று அழைப்பு ஒன்று வந்தபின், திரையில் தெரிந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்து வசைமாரி பொழிவோர் நம்மிடையே மிகுதி. அந்த எண்ணுக்கு உரியவர் ஒன்றும் அறியாத ஒரு தையற்காரராக இருக்கலாம். மேடவாக்கத்தில் காய்கறி விற்கும் பெண்ணாக இருக்கலாம். வஞ்சகன் அவரிடமிருந்து பணத்தைப் பறிக்கவில்லை, பெயரைப் பறித்திருக்கிறான். பறிகொடுத்தவரையே திருடர் என்று தூற்றுவது அறமாகாது. அந்த அம்மையார் முப்பத்தெட்டாயிரம் ரூபாயை இழந்த துயரிலும் ஒரு வசைச்சொல் சொல்லவில்லை. வினவினார், வந்து பார்த்தார், பிறகே முடிவு செய்தார். பிள்ளைகளுக்கு அறிவிப்பாளர் தொடரைப் பற்றிப் பாடம் சொல்லும்போதெல்லாம் இப்போது அவரைப் பற்றியும் சொல்லி வருகிறேன்.