“நீங்க போனா இத யார் பாக்கிற?”

இடமாற்றக் கடிதம் கைக்கு வந்து ரெண்டு கிழமை. பாடசாலையில் ஒப்படைக்க வேண்டியவற்றில் எனக்குப் பெரிய தலையிடி தந்தது கணினி ஆய்வுகூடத்துப் பழைய சேர்வர்தான்.

உபுண்டு 20.04 போட்ட மெஷின். பிள்ளைகளின் பயிற்சிகள், வினாத்தாள்கள் எல்லாம் அதிலுள்ள மூடிலில்தான். 2023இல் மூடில் 4.2 போட ஆசைப்பட்டேன். அதற்குக் குறைந்தது பிஎச்பி 8.0 வேண்டும். உபுண்டுவோடு வருவதோ 7.4. ஒரு வீடியோவைப் பார்த்து, சோர்ஸ் கோட்டை டவுன்லோட் பண்ணி, நானே கம்பைல் செய்து போட்டேன். வேலை செய்தது. பெருமையாகவும் இருந்தது. ஆனால் என்ன செய்தேன் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

2025 மே மாதத்தோடு 20.04க்கான வழமையான அப்டேட் நின்றுவிட்டது. அதனால் ஒப்படைக்க முன் 22.04க்கு மாற்றினேன். முடிவில், “தேவையில்லாத பழைய பெக்கேஜ்களை அகற்றவா?” என்று கேட்டது. ஆம் என்றேன். ஓபன்எஸ்எஸ்எல் 1.1 அதோடு போய்விட்டது. 22.04இல் இருப்பது 3.0. என் பிஎச்பி பழையதைத் தேடி, கிடைக்காமல் நின்றுவிட்டது. உயர்தரப் பிள்ளைகள் மூன்று நாள் பாடங்களைத் திறக்க முடியாமல் இருந்தார்கள்.

பிழை மெஷினில் இல்லை. நான் கையால் போட்டது ஏபிடியின் கணக்கிலேயே இல்லை. அதற்கு எது தேவை என்று ஏபிடிக்குத் தெரியாது. இந்த ரெண்டு வருடமும் அந்த பிஎச்பிக்கு ஒரு பாதுகாப்பு அப்டேட்கூட வந்திருக்காது.

பொறுப்பேற்க வந்த இளம் ஆசிரியர் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “சேர், நீங்க போனா இத யார் பாக்கிற?”

என்னிடம் பதில் இல்லை.

22.04இன் சொந்தக் களஞ்சியத்தில் பிஎச்பி 8.1 இருந்தது. மூடிலுக்குத் தேவையான துணைப் பகுதிகளோடு அதை ஏபிடி மூலம் போட்டோம். எல்லாம் பழையபடி திறந்தது.

பாடசாலையிலோ பள்ளிவாசல் நூலகத்திலோ சேர்வர் பார்க்கும் உறவுகளுக்குச் சொல்வது இதுதான். முதலில் ஏபிடியில் இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் பழைய பதிப்பென்றாலும் போதுமானால் அதையே போடுங்கள். போதாவிட்டால், அந்த மென்பொருளைச் செய்தவர்களே நடத்தும் ஏபிடி களஞ்சியம் இருந்தால் அதைச் சேருங்கள். கம்பைல் செய்வது கடைசி வழி. இணையத்தில் கண்ட ஸ்கிரிப்டை வாசிக்காமல் ரூட்டில் ஓட விடவே வேண்டாம்.

எதைப் போட்டாலும் திகதியோடு எழுதி வையுங்கள். நேற்று சாவியோடு ஒரு சீஆர் கொப்பியையும் சேர்த்துத்தான் அவரிடம் கொடுத்தேன்.