பதினெட்டு முகூர்த்தப் பகல்

ஆண்டின் மிக நீண்ட பகல் 18 முகூர்த்தம், மிகக் குறுகிய பகல் 12 முகூர்த்தம் என்கிறது லகதரின் பெயரால் வழங்கும் பண்டைய இந்திய வானியல் நூலான வேதாங்க ஜோதிடம். முகூர்த்தம் என்பது 48 நிமிடம். அப்படியானால் 14 மணி 24 நிமிடம், 9 மணி 36 நிமிடம். இந்த மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கு எந்த மண்ணில் பிறந்தது என்பதே என் தேடல். பகலின் நீளம் ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும். பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது; சூரியனைச் சுற்றிவரும்போது அந்தச் சாய்வின் திசை மாறுவதில்லை. அதனால் ஜூனில் வடபாதி சூரியனை நோக்கியும் டிசம்பரில் விலகியும் நிற்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக இந்த ஏற்ற இறக்கம் பெருகும்: நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் சென்னையில் ஒன்றரை மணி நேரமே வித்தியாசம், தில்லியில் மூன்றரை மணிக்கும் மேல். சூரியன் நெருங்குவதும் விலகுவதும்தான் காரணம் என்பவர்கள் உண்டு. பூமி சூரியனை மிக நெருங்குவதோ ஜனவரித் தொடக்கத்தில், வடக்கே பகல் குறுகிக் கிடக்கும் காலத்தில்.

14 மணி 24 நிமிடத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் நாம் 35 பாகை வடக்கே, ஸ்ரீநகரையும் தாண்டிப் போய்விடுவோம். பாபிலோன் இருப்பது 32.5 பாகையில், அங்குள்ள வானியலிலும் இதே விகிதம் உண்டு. எண் அங்கிருந்துதான் வந்தது என்று வானியல் வரலாற்றாய்வாளர் டேவிட் பிங்கிரி 1973இல் வாதிட்டார். வலுவான வாதம்தான். ஆனால் நூலே வேறொரு தடயம் தருகிறது. உத்தராயணத்தில் பகல் தினமும் ஒரே அளவாக, நீர்க்கடிகாரத்தில் ஒரு பிரஸ்தம் என்ற அளவு நீருக்கு வளர்கிறது என்பது அதன் விதி. 183 நாளில் 6 முகூர்த்தம்; நாளுக்கு ஏறத்தாழ 1.6 நிமிடம். உண்மையில் பகல் அப்படிச் சீராக வளர்வதில்லை. அயன முடிவில் ஏறக்குறைய நின்றுவிடும். மார்ச் சமநாளை ஒட்டி வேகமாக ஓடும். அந்தச் சமநாள் வேகத்தைக் கணக்கிட்டால் 35 பாகையில் 2.2 நிமிடம் வருகிறது, 27 பாகையில் 1.6 நிமிடம். ஆய்வாளர் யூகியோ ஓஹாஷியும் இவ்வழியேதான் 27 முதல் 29 பாகை வரையுள்ள வட இந்தியாவைச் சுட்டினார். நூலை ஆக்கியவர்கள் சமநாளை ஒட்டி அளந்து, அதே வேகத்தை அரையாண்டுக்கும் நீட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் 27 பாகையில் நீண்ட பகல் அரைமணிக்கு மேல் பிசகுமே, அதைக் கவனிக்காமலா இருந்திருப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கடன் வாங்கிய எண்ணை இங்கே பயன்படுத்தியிருந்தாலும் அதே பிசகுதான் நேர்ந்திருக்கும். ஆகவே இது எந்தத் தரப்பையும் வீழ்த்தாது. காற்றுமண்டலம் ஒளியை வளைத்துப் பகலைச் சில நிமிடம் நீட்டுவதும் தடையல்ல. அந்த நீட்சி அன்றாடம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் வளர்ச்சி வேகம் கெடாது. பாபிலோனோடு விகிதம் அச்சாக ஒத்துப்போவதுதான் கடினமான கேள்வி. சமநாளில் பகல் 15 முகூர்த்தம். முழு எண்ணில் சொல்வதென்றால் 17க்கு 13, 18க்கு 12, 19க்கு 11 என்றுதான் போக முடியும். சமநாள் வேகப்படி முதலாவது 18 பாகைக்கு, தக்காணத்துக்குப் பொருந்தும். மூன்றாவது 33 பாகையைத் தாண்டும். கங்கைச் சமவெளியில் அளந்தவருக்கு முழு எண்ணாக மிஞ்சுவது 18க்கு 12 மட்டுமே. நீர்க்கடிகாரம் மேற்கிலிருந்து வந்திருக்கக் கூடும். எண்ணும் கூடவே வந்தது என்பதை நான் ஏற்கவில்லை.