நல்லூர் வீதியில் ஒரு திரை

நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் கொடியேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கையில், பருத்தித்துறை வீதியிலுள்ள சைவ உணவுக் கடையொன்றின் வாசலில் ஏணி சாத்தி வேலை செய்த இருவரோடு ஒரு பிற்பகல் முழுவதும் உடனிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒருவர் ஐம்பது வயதைக் கடந்த மின்வினைஞர். மற்றவர் அவரிடம் தொழில் பழகும் இளைஞர். பண்டங்களின் பெயரையும் விலையையும் காட்டுவதற்கென்று கடைக்காரர் நெட்டாக மாட்டுவித்த 43 அங்குலத் திரை, முதல் நாளிரவு மின்சாரம் நின்று மீண்டபின் ஒளி பெறாமலே கிடந்தது. இருபத்தைந்து நாள் மகோற்சவத்துக்குத் தீவுகளிலிருந்தும் வன்னியிலிருந்தும் கடல்கடந்த தேசங்களிலிருந்தும் சனங்கள் வந்து குவியும் வேளையில் அத்திரை இருண்டு நிற்பதை நினைந்து அவர் மிகவும் கவலைகொண்டிருந்தார்.

“ரீவி பழுதாப் போச்சுது, தம்பி. புதிசுதான் வாங்கோணும் போல” என்றார் கடைக்கார ஐயா.

மின்வினைஞர் திரையை ஏறிட்டும் பாராமல், சுவரிலிருந்த மின் செருகியின் அருகிற் போய்க் குந்தினார். “ரீவியைப் பாக்காதையும் தம்பி, கறண்ட் வாற வழியைப் பாரும்” என்று அவர் மாணாக்கனுக்குச் சொன்ன வார்த்தையே, அன்று நான் கண்ட அத்தனைக்கும் சூத்திரமாக அமைந்தது.

திரைக்குப் பின்னால், உள்ளங்கையில் அடங்கத்தக்க பெட்டியொன்று இரண்டு திருகாணிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. மீடியா பிளேயர் என்று கடைகளில் வழங்கும் அதனுள்ளே இருந்தது, 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ராஸ்பெரி பை 4 என்னும் சிறு கணினி. நகத்தளவான நினைவு அட்டையொன்றில் படங்களையும் அட்டவணையையும் வைத்துக்கொண்டு, எந்நேரத்தில் எப்படம் தோன்றவேண்டுமென்பதை அதுவே நிருணயித்து, எச்டிஎம்ஐ வடத்தின் வழியாகத் திரைக்கு அனுப்புகின்றது. திரை தானாக ஒன்றும் அறியாது. அறிவெல்லாம் பெட்டியில் இருக்கிறது. ஆயினும் கண்ணுக்குத் தெரிவது திரையே ஆகையால், பழி முழுவதும் அதன்மேல் விழுகின்றது.

பெட்டியின் சிவப்பு விளக்கு சற்று எரிந்தும் சற்று அணைந்தும் தடுமாறிக்கொண்டிருந்தது. மின்வினைஞர் தம் பையிலிருந்து ஏழு அங்குலச் சிறு திரையொன்றை எடுத்துப் பெட்டியோடு இணைத்தார். முதலில் வானவில் வண்ணச் சதுரமொன்று தோன்றிற்று. பின்னர் கடைக்காரரின் தோசைப் படமும், அதன் வலப்புற மேல்மூலையில் மின்னலைப் போன்ற மஞ்சட் குறியும் வந்தன. அக்குறி, தனக்கு வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ற்றுக்குக் கீழே இறங்கிவிட்டதென்று அக்கணினி இடும் முறைப்பாடு என்பதை அவர் விளக்கினார். அதற்கென விதிக்கப்பட்டது 5.1 வோல்ற்றும் 3 அம்பியரும் தரும் மின்வழங்கி. அங்கே செருகப்பட்டிருந்ததோ யாருடையதோ ஒரு பழைய கைப்பேசிச் சார்ஜர், அதிலிருந்து நூல்போல் மெலிந்த நீளமான வயர். கிணற்றடியிலிருந்து நெடுந்தூரம் சிறு குழாயில் இறைக்கும் நீர் வாழையடியைச் சேருமுன் வேகம் குன்றுவதுபோல, அவ்வயரின் நெடுவழியில் மின்னழுத்தம் தேய்ந்து, படம் அசையத் தொடங்குந்தோறும் பெட்டி மயங்கி விழுந்து மீண்டும் எழுந்துகொண்டிருந்தது. உரிய மின்வழங்கியைப் பூட்டியதும் சிவப்பு விளக்கு அசையாது நின்றது; மஞ்சட் குறியும் மறைந்தது.

இவ்வளவில் காரியம் முடிந்ததென்றே நான் எண்ணினேன். பெரிய திரையோடு இணைத்து மின்சாரத்தை ஏற்றியபோது அது பழையபடியே இருண்டிருந்தது. மின்வினைஞர் பரபரக்கவில்லை. திரையை முதலில் ஏற்றி, அரை நிமிடம் பொறுத்துப் பெட்டியை ஏற்றச் சொன்னார். உடனே படம் வந்தது. “ரண்டையும் ஒண்டாய்ப் போட்டால் பெட்டி முந்தி எழும்பீடும் அண்ணை, ரீவி அப்பதான் கண் முழிக்குது” என்றான் இளைஞன். அவன் கண்டது சரியே. பெட்டி எழும்போது, எதிரேயுள்ள திரை இன்ன அளவினது, இன்ன விதமான படத்தை ஏற்பது என்ற விவரத்தை வடத்தின் வழியே கேட்கிறது. திரை அவ்வேளையில் மறுமொழி தராவிடின், எதிரே ஒருவருமில்லை என்று கருதிப் படத்தை அனுப்பாமலே இருந்துவிடுகிறது. மின்வெட்டுக்குப் பின் இரண்டும் ஒரே கணத்தில் உயிர் பெறுவதால் நேர்ந்த இக்குறையை, மறுமொழி வந்தாலும் வராவிட்டாலும் படத்தை அனுப்புக என்று நினைவு அட்டையிலுள்ள அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து அவர் நீக்கினார். திடீரென மின்சாரம் நிற்கும்போது அட்டையிலுள்ள தரவுகள் சிதையக்கூடும் ஆதலால், சிறிய யூபிஎஸ் ஒன்றையும் வாங்கி வைக்கச் சொன்னார்.

காரணகாரியத் தொடர்பை இவ்விதம் கிரமமாகப் பின்தொடரும் பழக்கம் அவருக்கு எங்ஙனம் வந்ததென்று கேட்டேன். 1990க்குப் பிந்திய வருடங்களில் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருந்த காலத்திலே, கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து எடுத்த மின்சாரத்தில் அயலார் செய்தி கேட்க வானொலியை இயக்கிய சிறுவர்களுள் தாமும் ஒருவர் என்றார். “அப்ப ஒரு சொட்டுக் கறண்டும் எங்க போகுதெண்டு தெரியோணும், ஐயா.” அந்த நாள்களில் துளித்துளியாய் உண்டாக்கிய மின்சாரத்தைக் கணக்குப் பார்த்த அதே கண்ணால் அவர் இன்று இப்பெட்டியையும் பார்க்கிறார் என்பது எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

அடுத்து, பெட்டியின் கடிகாரத்திலும் ஒரு கோளாறு தெரிந்தது; அது விரைவில் தீர்ந்தது. இவ்வகைப் பெட்டியில் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் இல்லாமையால், இணையத்தொடர்பு கிடைக்குமளவும் அது பழைய நேரத்திலேயே நின்று, மாலையில் காலைப் பலகாரத்தைக் காட்டும். பொத்தான்போன்ற மின்கலமுடைய சிறிய கடிகாரச் சில்லொன்றைப் பொருத்தினார்கள். பூசைகள் நேரந்தவறாது நடைபெறும் கோயிலின் அயலிலே இது பொருத்தமான திருத்தமென்றே எனக்குப் பட்டது.

எழுத்துகளே அதிக பிரயாசை தந்தன. திருவிழாக்கால விலைப்பட்டியலை அச்சகமொன்றில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்வித்துக் கொண்டுவந்திருந்தார் கடைக்காரர். பாமினியில் தமிழெழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலே இருத்தப்பட்டவை. அவ்வெழுத்துரு இல்லாத பெட்டியில் பட்டியல் முழுவதும் பொருளற்ற உரோம எழுத்துகளாய் நின்றது. இளைஞன் அதனை யூனிகோட்டுக்கு மாற்றினான். அப்போதும், எழுத்துகளை ஒன்றோடொன்று சேர்த்து வரையத் தெரியாத, பெட்டியிலிருந்த பழைய நிரலில், ‘தோசை’யின் கொம்புகள் தமக்குரிய மெய்யின் முன்னே வராமல் பின்னே ஒட்டின, அரவு தனியே விலகி நின்றது.

“விலை விளங்குதுதானே, இருக்கட்டும்” என்றார் கடைக்காரர்.

மின்வினைஞர் இணங்கவில்லை. 1822இல் இதே நல்லூரில் பிறந்து, 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, பிழையற்ற பதிப்புக்காக ஆயுளைச் செலவிட்ட ஆறுமுக நாவலர் பெருமானை அவர் வாய்விட்டுக் கூறவில்லை, நான்தான் நினைத்துக்கொண்டேன். கொம்பு மாறிய எழுத்தைத் திருவிழாவுக்கு வரும் பிள்ளைகள் நாள்தோறும் அண்ணாந்து வாசிக்கும்படி விடலாகாது என்பதில் நானும் அவர் பக்கமே. “சனம் படிக்கிற எழுத்தையா, பிழையா விட்டிட்டுப் போகேலாது” என்று சொல்லி, எழுத்துகளைச் செவ்வனே கோத்து வரையும் இணைய உலாவியொன்றைப் பெட்டியில் ஏற்றி, பட்டியலை அதனுள் அமைத்து, 1080க்கு 1920 என்ற நெட்டளவுக்குத் திருப்பினார்கள். இளைஞன் வரிவரியாக உரத்து வாசித்தான். ‘கொழுக்கட்டை’ என்ற இடத்தில் நின்று, ஏணியிலிருந்து இறங்கி, வீதியின் மறுகரைக்குச் சென்று, அங்கிருந்தும் ஒருமுறை வாசித்துவிட்டுத் திரும்பினான்.

பிறகு பிரதான ஆளியை நிறுத்தினார்கள். கடை முழுவதும் இருண்டது. பத்து எண்ணி மீண்டும் ஏற்றினார்கள். மூன்று முறை அப்படியே செய்தார்கள். மூன்று முறையும் திரை தானே எழுந்தது. மின்வினைஞர் கருவிகளைப் பைக்குள் அடுக்கியபின், வெள்ளை ரேப்பில் ஒரு துண்டு கிழித்து, அன்றைய திகதியையும், அதன்கீழே ‘இதைக் கழட்ட வேண்டாம், போன் சார்ஜ் போட வேண்டாம்’ என்பதையும் தெளிவான கையெழுத்தில் எழுதி, மின்வழங்கியின்மேல் ஒட்டி, விரலால் இருமுறை அழுத்தித் தேய்த்தார்.