நமக்கு மீன், அவர்களுக்குப் படிப்பு

2018இல் நடந்த பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பீசா தேர்வில் வாசிப்பில் பிலிப்பைன்ஸுக்குக் கடைசி இடம், மதிப்பெண் 340. 2022இல் 347. நான்கு வருடத்தில் ஏழே மதிப்பெண்! கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

இதைச் சரிசெய்ய 2024 அக்டோபரில் அங்கே ‘ஆரல்’ சட்டம் வந்தது. (நமக்கு ஆரல் மீன், அவர்கள் மொழியில் படிப்பு.) பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி. நல்ல காரியம். ஆனால் அதே மாதம் இன்னொரு சட்டம், மூன்றாம் வகுப்புவரை தாய்மொழியில் கற்பிக்கும் கட்டாயத்தை எடுத்துவிட்டது. வீட்டில் செபுவானோ மொழி பேசும் குழந்தை இனி பிலிப்பினோவிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்ட வேண்டிவரலாம். ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குவதாகவே எனக்குப் படுகிறது.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் வெகுமுன்பே, அந்நாட்டின் கவீட்டே நகரில் எஃப்ரென் பென்யாஃப்ளோரிடா என்ற இளைஞரும் அவர் நண்பர்களும் தள்ளுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு தெருப்பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். குப்பை பொறுக்குபவர்கள் தள்ளும் வண்டியின் அதே வடிவம். அந்தத் தள்ளுவண்டியின் படத்தை இன்றும் எடுத்துப் பார்த்தேன்.